டர்போ என்ஜினுக்கு எந்தக் கேம்? 4ஜி63-இன் கணக்கு

மிட்சுபிஷி லான்சர் எவோவின் 4ஜி63 என்ஜினுக்கு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்) தேடுபவர்கள் இரண்டு பேச்சுகளைக் கேட்டிருப்பார்கள். டர்போவுக்குச் சின்னக் கேம்தான் சரி, பெரிய கேம் போட்டால் பூஸ்ட் (டர்போ அமுக்கித் தரும் காற்றழுத்தம்) முழுக்க எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடும் என்பது ஒன்று. 272 டிகிரி கேம் போட்டால் அதே பூஸ்டில் மேல் ஆர்பிஎம்மில் வண்டி பறக்கும் என்பது இன்னொன்று. கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும்வரை வால்வ் திறந்திருக்கிறது என்பதுதான் கேமின் டிகிரி; எண் ஏற ஏறக் கேம் பெரியது. இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே வண்டியில் இரண்டும் உண்மையாக இருக்காது. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் தேங்கி நிற்கும் அழுத்தம் முடிவு செய்கிறது. அதை அளக்காமல் வாங்கிய கேம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய செருப்பு மாதிரி.

முதலில் என்ஜின் எது என்று தெளிவாக இருக்கட்டும். 4ஜி63 டர்போ 1997 சிசி; போர் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 88 மி.மீ. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், இரண்டு கேம், 16 வால்வ், டைமிங் பெல்ட். 1992-இல் வந்த முதல் எவோவிலிருந்து எவோ 9 வரை இதுதான். எவோ 10-இல் வந்த 4பி11 அலுமினிய பிளாக்கும் டைமிங் செயினும் கொண்ட வேறு என்ஜின். அதன் கேம் இதில் ஏறாது. திருவள்ளூர் ஆலையில் கோர்க்கப்பட்டு நம் சாலைகளில் ஓடிய லான்சரும் பெயரில்தான் எவோவுக்கு உறவு. அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை.

இந்த ஹெட்டில் கேம் நேராக வால்வை அமுக்குவதில்லை. உருளை வைத்த ராக்கர் ஒன்றை அமுக்குகிறது. ராக்கரின் ஒரு முனை வால்வைத் தள்ள, மறுமுனை எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர் மேல் நிற்கிறது. இந்த அமைப்பைச் சொல்லக் காரணம் உண்டு. புதுக் கேம் போட்டதும் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம்மில் ஓட்டிப் பழக்க வேண்டும் என்ற அறிவுரை, உருளை இல்லாத தட்டை டேப்பட் என்ஜின்களுக்கு உரியது. 4ஜி63-க்கு அது தேவையில்லை. ஜர்னலிலும் (கேம் சுழலும் தாங்கிப் பகுதி) லோப்பிலும் (ராக்கரை அமுக்கும் மேடு) அசெம்பிளி லூப் என்ற மசகைப் பூசிக் கோர்த்தால் போதும்.

ஓவர்லேப் நேரத்தில் நடப்பது

எக்ஸாஸ்ட் வால்வ் மூடி முடியும் முன்பே இன்டேக் வால்வ் திறக்கத் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் ஓவர்லேப். டர்போ இல்லாத என்ஜினில் வெளியேறும் புகையின் வேகம் புதுக் காற்றை உள்ளே இழுத்துவிடும். டர்போ என்ஜினில் வெளியேறும் வழியை டர்பைன் மறித்து நிற்கிறது. பூஸ்ட் 1.5 பார் இருக்கையில் மேனிஃபோல்டில் 3 பார் இருந்தால், ஓவர்லேப் நேரத்தில் காற்று எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. எரிந்த புகை சிலிண்டருக்கும் இன்டேக்குக்கும் திரும்பி வரும். அடுத்த சுற்றில் அதுவே சூட்டைக் கூட்டி நாக்கிங்கை, அதாவது கலவை தானாகவே வெடிப்பதை, வரவழைக்கும்.

நான்கு சிலிண்டர் என்ஜினில் இன்னொரு சிக்கலும் உண்டு. 4ஜி63-இன் தீப்பற்றும் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டரின் பிஸ்டன் ஓவர்லேப் நேரத்தில் உச்சியில் (மேல்முனையில்) நிற்கும்போது, மூன்றாம் சிலிண்டர் பவர் ஸ்ட்ரோக்கின் அடியில் இருக்கிறது. 112 டிகிரி சென்டர்லைனில், அதாவது வால்வ் மிக அதிகம் திறக்கும் இடம் உச்சியிலிருந்து 112 டிகிரி தள்ளி இருக்குமாறு வைத்த 272 டிகிரி எக்ஸாஸ்ட் கேம், பிஸ்டன் கீழ்முனையான அடிப்புள்ளிக்கு வருவதற்கு 68 டிகிரி முன்பே வால்வைத் திறந்துவிடும். முதல் சிலிண்டரின் இன்டேக் திறப்பதோ உச்சிக்கு 24 டிகிரி முன்பு. அப்படியானால் முதல் சிலிண்டரின் ஓவர்லேப் தொடங்கும்போது, மூன்றாம் சிலிண்டர் 44 டிகிரி நேரமாகத் தன் முழு வேகப் புகையை மேனிஃபோல்டில் கொட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு குழாயும் ஒரே அறையில் சேர்ந்தால் அந்த அடி நேராக முதல் சிலிண்டருக்குள் விழும்.

எவோ 4 முதல் மிட்சுபிஷி டர்பைன் உறையை இரு பாதையாகப் பிரித்தது இதனால்தான். 1-ம் 4-ம் ஒரு பாதை, 2-ம் 3-ம் இன்னொரு பாதை. ஒரே பாதையில் உள்ள இரண்டு சிலிண்டருக்கும் இடையே 360 டிகிரி இடைவெளி இருப்பதால், ஒன்றின் அடி இன்னொன்றின் ஓவர்லேப்பில் விழாது. 272 கேம் இந்த என்ஜினில் எடுபட்டதற்கு இது பெரிய காரணம். சின்னக் கேம் பற்றிய பழைய பேச்சு, டர்பைன் நெரிசலும் ஒற்றைப் பாதையும் இருந்த காலத்து வண்டிகளுக்கு முற்றிலும் பொருந்தியது. இரட்டைப் பாதையைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பாதை டர்போ போடுபவர்கள் கேம் தேர்வையும் மறுபடி யோசிக்க வேண்டும். இது பெரும்பாலும் நடப்பதில்லை.

மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது கடினமில்லை. மேனிஃபோல்டில் டர்பைனுக்கு முன்னால் ஒரு துளை போட்டு, 1/8 அங்குல மறை வெட்டி, ஒரு மீட்டர் நீளச் செம்புக் குழாயைச் சுருட்டி இணைத்து, அதன் முனையில் 0–4 பார் கேஜ் மாட்டினால் போதும். சுருள் புகையின் சூட்டைக் குறைக்கும். நேரடியாக மாட்டிய கேஜ் ஒரு நாளில் வெந்துவிடும். மூன்றாம் அல்லது நான்காம் கியரில் முழு த்ராட்டில் போட்டு பூஸ்டையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் சேர்த்துக் குறியுங்கள். மேனிஃபோல்டு அழுத்தம் பூஸ்டைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் நீளமான கேம் பலன் தரும். இரண்டு மடங்கைத் தாண்டினால் கேமுக்கு வைத்த பணத்தை முதலில் டர்போவிலும் டவுன்பைப்பிலும் போடுவது நல்லது.

248-ம் 272-ம்: எண்ணில் பார்ப்போம்

எச்.கே.எஸ் நிறுவனம் இந்த என்ஜினுக்கு 264, 272, 280 என்று விற்ற எண்கள் எல்லோர் வாயிலும் புழங்குகின்றன. கேட்டலாக்கில் உள்ள டிகிரி, வால்வ் மிகக் கொஞ்சம் எழும்பிய இடத்திலிருந்து எண்ணியது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் வேறு இடத்திலிருந்து எண்ணுவதால், ஒருவரின் 272-ஐ இன்னொருவரின் 272-ஓடு ஒப்பிடக் கூடாது. 1 மி.மீ. அல்லது 1.27 மி.மீ. எழும்பிய நிலையில் எத்தனை டிகிரி என்று கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்ல முடியாதவரிடம் கேம் வாங்க வேண்டாம்.

சின்னக் கேமுக்கு உதாரணமாக 248-ஐயும் பெரியதற்கு 272-ஐயும் எடுத்து, இரண்டையும் 112 டிகிரி சென்டர்லைனில் வைத்துக் கணக்கிடலாம். 248 கேமின் ஓவர்லேப் 24 டிகிரி, 272 கேமுக்கு 48 டிகிரி. சரியாக இரண்டு மடங்கு. எல்லோரும் பேசுவது இதைப் பற்றித்தான். ஓட்டும்போது அதைவிட அதிகம் உறைப்பது இன்டேக் வால்வ் மூடும் நேரம். 248 கேமில் அடிப்புள்ளி தாண்டி 56 டிகிரியில் மூடும் வால்வ், 272-இல் 68 டிகிரியில்தான் மூடுகிறது. அதுவரை மேலே ஏறும் பிஸ்டன் காற்றை அமுக்காமல் இன்டேக்குக்கே திருப்பித் தள்ளுகிறது.

எவோவின் கனெக்டிங் ராடு 150 மி.மீ. அதை வைத்துக் கணக்குப் போட்டால், வால்வ் மூடிய பின் பிஸ்டன் ஏற மீதமிருக்கும் தூரம் 248-இல் 73 மி.மீ., 272-இல் 66 மி.மீ. என்று வருகிறது. எழுத்தில் 8.8 என்றிருக்கும் கம்ப்ரெஷன் விகிதம், நடைமுறையில் முதல் கேமில் 7.5 ஆகவும் இரண்டாவதில் 6.9 ஆகவும் இறங்குகிறது. கேட்டலாக் டிகிரியை அப்படியே எடுத்ததால் நிஜ எண்கள் இதைவிடச் சற்று மேலே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி இந்த அளவில்தான். 3000 ஆர்பிஎம்மில் வண்டி மந்தமாவதும், பூஸ்ட் சில நூறு ஆர்பிஎம் தாமதமாக வருவதும் இதனால்தான். 6500-க்கு மேல் அதே தாமதமான மூடல் உதவிக்கு வருகிறது. வேகமாக ஓடிவரும் காற்றுக்குத் தன் உந்துதலால் உள்ளே நுழைய நேரம் கிடைக்கிறது.

ஊருக்குள் ஓடும், தொழிற்சாலை டர்போ வைத்த எவோவுக்கு 264-க்கு மேல் போக நல்ல காரணம் கிடையாது. பெரிய டர்போவும் 8000 வரை சுற்றத் தயாரான ஹெட்டும் இருந்தால் 272. 280 பந்தயத் தடத்துக்கு. தினம் டிராபிக்கில் நிற்கும் வண்டிக்கு அதைப் போடுவது வண்டிக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் தண்டனை.

எவோ 9-இல் இன்டேக் கேமை ஓடும்போதே முன்பின் நகர்த்தும் மிவெக் இருப்பதால் இந்தக் கஷ்டத்தில் பாதி குறைகிறது. கீழ் ஆர்பிஎம்மில் கேமை முன்னுக்குத் தள்ளி வால்வைச் சீக்கிரம் மூடவைக்கலாம். பழைய எவோக்களில் அட்ஜஸ்டபிள் கேம் கியரில் நீங்களே ஒரு இடத்தைத் தேர்ந்து பூட்ட வேண்டும். கியரில் உள்ள கோடு கேம் டிகிரியா கிராங்க் டிகிரியா என்று தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள். கேம் 1 டிகிரி நகர்ந்தால் கிராங்கில் 2 டிகிரி. இதைக் குழப்பியதால் வளைந்த வால்வுகள் உண்டு.

ஸ்பிரிங்கும் லாஷ் அட்ஜஸ்டரும்

பூஸ்ட் இன்டேக் வால்வின் முதுகைத் தள்ளுவதால் கடின ஸ்பிரிங் தேவை என்று எங்கும் எழுதியிருக்கும். வால்வின் விட்டம் 34 மி.மீ., 1.5 பார் பூஸ்ட். கணக்குப்படி சுமார் 14 கிலோ விசை. ஆனால் இன்டேக் வால்வ் மூடும் நேரத்தில் சிலிண்டரும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் நிரம்பியிருக்கிறது. விசையில் பெரும்பகுதி ரத்தாகிவிடும். உண்மையில் அடி வாங்குவது 30.5 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வ். அது மூடும்போது ஒரு பக்கம் சிலிண்டரில் பூஸ்ட் அழுத்தம், மறுபக்கம் மேனிஃபோல்டில் அதைவிட அதிகம். 1 பார் வித்தியாசத்துக்கே 7 கிலோவுக்கு மேல் வால்வைத் திறக்கப் பார்க்கும். புகையின் அடி நேராக வரும் கணத்தில் இன்னும் கூடும். இதோடு ஆர்பிஎம்மைச் சேருங்கள்: 7000-இலிருந்து 8000-க்குப் போனால் வால்வ் அசைவின் உந்துவிசை சுமார் 31 சதவீதம் ஏறுகிறது. 7000-க்கு மேல் பூஸ்ட் குறையாமலே சக்தி திடீரென்று விழுந்து என்ஜின் திக்கினால், இக்னிஷனைத் தேடும் முன் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள்.

கேம் மாற்றும்போது வால்வ் ஸ்பிரிங்கையும் அதன் தலையைப் பிடிக்கும் ரிட்டெய்னரையும் கேம் தயாரிப்பாளர் சொன்ன ஜோடியாகவே போடுங்கள். அளவுக்கு மீறிக் கடினமான ஸ்பிரிங் லாஷ் அட்ஜஸ்டரை அமுக்கி உள்ளே இறக்கிவிடும். டக் டக் சத்தமும் வரும், லிஃப்டும் (வால்வ் திறக்கும் உயரம்) குறையும். வால்வ் முழுதாகத் திறந்த நிலையில் சுருள்களுக்கு இடையே மொத்தமாக 1.5 மி.மீ. இடம் மீதமிருக்க வேண்டும். ரிட்டெய்னரின் அடிக்கும் வால்வ் சீலின் தலைக்கும் இடையிலும் அதே அளவு. பெரும்பாலோர் முதலாவதைப் பார்த்து இரண்டாவதை மறந்துவிடுவார்கள். சீல் நசுங்கினால் சில வாரங்களில் நீலப்புகை வரும், பழி டர்போ மேல் விழும்.

இந்த என்ஜினின் டக் டக் சத்தம் பிரசித்தம். பழைய லாஷ் அட்ஜஸ்டர்களில் காற்று தங்கிவிடும். பின்னாளில் எண்ணெய்த் துளையைப் பெரிதாக்கிய வடிவம் வந்தது. ஹெட் திறந்திருக்கையில் 16-ஐயும் மாற்றுவது நல்லது. பழையதையே போடுவதானால் சுத்தமான டீசலில் மூழ்கவைத்து, மெல்லிய கம்பியால் உள்ளே உள்ள சிறு குண்டைத் தள்ளிக்கொண்டே ஐந்தாறு முறை அமுக்கிவிடுங்கள். காற்றுக்குமிழி நின்ற பின் அமுக்கிப் பார்த்தால் கல்லைப் போல் இருக்க வேண்டும். அமுங்கினால் அது குப்பைக்கு. பழைய கேமையே அரைத்துத் தரும் இடங்களில் லோப்பின் மேடில்லாத அடிவட்டம் சிறுத்துப்போகும். அந்தக் குறையை லாஷ் அட்ஜஸ்டர் நீண்டு ஈடுகட்ட வேண்டும்; அதன் எல்லை முடிந்தால் சத்தம் என்றைக்கும் போகாது.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே

4ஜி63-இல் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை அடிக்கும். ஆகவே இடைவெளியை அளக்காமல் பெரிய கேமைக் கோர்ப்பது சூதாட்டம். இன்டேக் பக்கம் குறைந்தது 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. என்பது வழக்கம். சூட்டில் நீளுவது எக்ஸாஸ்ட் வால்வ்தான், அதனால்தான் அந்தப் பக்கம் அதிகம் கேட்கிறோம்.

ஹைட்ராலிக் அட்ஜஸ்டரை வைத்துக்கொண்டு பிஸ்டன் மேல் களிமண் வைத்து அது நசுங்கிய அளவைப் பார்த்தால் பொய்க் கணக்கு வரும். எண்ணெய் அழுத்தம் இல்லாத அட்ஜஸ்டர் அமுங்கி, இருப்பதைவிட அதிக இடைவெளி காட்டும். அளக்கும் சிலிண்டரில் மட்டும் உள்ளே திடப்படுத்திய அட்ஜஸ்டரையும் மெல்லிய சோதனை ஸ்பிரிங்கையும் போட்டு, டயல் கேஜை ரிட்டெய்னரில் நிறுத்துங்கள். கிராங்கை உச்சிக்கு 20 டிகிரி முன்னிருந்து 20 டிகிரி பின்வரை இரண்டிரண்டு டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் வால்வை விரலால் அமுக்கிப் பிஸ்டனைத் தொடவைத்துக் குறியுங்கள். எக்ஸாஸ்ட் மிக நெருங்குவது உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்பு, இன்டேக் அதே அளவு பின்பு. மிவெக் வண்டியில் கேமை முழுதாக முன்னுக்குத் தள்ளிய நிலையில் அளக்க வேண்டும்; ஆபத்து அங்கேதான். ஹெட்டின் அடியைச் சீவியிருந்தால் இடைவெளியும் குறையும், பெல்ட் வழி சுருங்கிக் கேமும் பின்தங்கும்.

கோர்க்கும் முறை

ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங் மாற்றலாம். அந்தந்தச் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியே 6–7 பார் காற்று ஏற்றினால் வால்வ் கீழே விழாது. கிராங்க் துல்லியமாக உச்சியில் இல்லாவிட்டால் காற்றே அதைச் சுழற்றிவிடும். ஸ்பேனரைக் கிராங்கில் மாட்டியபடி கையை நுழைக்காதீர்கள்.

கேம் கியர் போல்ட்டைத் தளர்த்தும்போது கேமின் நடுவில் உள்ள அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் வைத்துப் பிடியுங்கள். பெல்ட்டைத் தாங்கலாக வைத்து முறுக்கினால் பெல்ட்டின் உள்நூல் கெடும், வெளியே தெரியாது. கேமை மேலிருந்து பிடிக்கும் கேப்களைக் கழற்றினால், எண் மாறாமலும் திசை மாறாமலும் வரிசையாக வையுங்கள். அவை ஹெட்டோடு சேர்த்துத் துளையிட்டவை, இடம் மாறினால் கேம் இறுகிவிடும். புதுக் கேமை, கியரை இடத்தில் நிறுத்தும் டௌவல் பின் மேலே பார்த்தபடி உட்காரவைத்து, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, கடைசியில் 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கம் இறுக்கினால் கேம் வளையும். ஒடிந்த கேப்களும் உண்டு. கியர் போல்ட்டுக்கு 88 நியூட்டன் மீட்டர்.

கேமைக் கோர்த்ததும் என்ஜினைச் சுற்றாதீர்கள். முழுதாக நீண்டிருக்கும் அட்ஜஸ்டர்கள் வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும். அரை மணி நேரம் விட்டால் எண்ணெய் கசிந்து இறங்கிவிடும்.

பெல்ட்டில் இரண்டு இடத்தில் கைதேர்ந்தவர்களும் வழுக்குகிறார்கள். எண்ணெய் பம்ப் கியர்தான், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் ஒன்றையும் ஓட்டுகிறது. கியரின் குறி சரியாக நின்றும் ஷாஃப்ட் அரைச் சுற்று தப்பியிருக்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள பிளக்கைக் கழற்றி 8 மி.மீ. ஸ்க்ரூடிரைவரை நுழையுங்கள். 60 மி.மீ. உள்ளே போனால் சரி. 20–25 மி.மீ.யில் தட்டினால் கியரை ஒரு முழுச் சுற்றுத் திருப்பி மறுபடி பாருங்கள். இதைத் தவறவிட்ட வண்டி ஓடும், ஆனால் ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது இடம், பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர். அதை வைஸில் மிக மெதுவாக அமுக்கி, பூட்டும் ஊசியை மாட்டுங்கள். அவசரமாக அமுக்கினால் உள் சீல் கிழியும். எல்லாம் கோர்த்து ஊசியை எடுத்த பிறகு கிராங்கைக் கடிகாரத் திசையில் இரண்டு சுற்றுத் திருப்பி, 15 நிமிடம் விட்டு, தண்டு வெளியே நீட்டிய அளவைப் பாருங்கள். 3.8 முதல் 4.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பேலன்ஸ் ஷாஃப்டின் சின்னப் பெல்ட்டையும் அப்போதே மாற்றுங்கள். அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கித்தான் பல ஹெட்கள் போயிருக்கின்றன.

ஹெட்டையே கழற்றுவதானால் பழைய போல்ட்டின் நீளத்தை அளந்து பாருங்கள், 99.4 மி.மீ. தாண்டியிருந்தால் இழுபட்டுவிட்டது. முறை: 78 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, மறுபடி 20-க்கு இறுக்கி, பிறகு 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி. ஏ.ஆர்.பி போன்ற நிறுவனங்களின் ஸ்டட் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் தரும் கிரீஸைப் பூசினால்தான் அவர்கள் சொல்லும் டார்க் பொருந்தும். என்ஜின் ஆயில் தடவி அதே டார்க்கில் இறுக்கினால் பிடிமானம் குறைந்து, கேஸ்கட் பூஸ்டில் மூச்சுவிடும்.

எரிபொருளும் டியூனும்

கேம் மாற்றிய பிறகு அதே பூஸ்டில் அதிகக் காற்று உள்ளே போகிறது. பூஸ்ட் கேஜ் மாறவில்லையே என்று கணினியின் பழைய எரிபொருள் மேப்பில் ஓட்டுவது பிஸ்டனை அடகு வைப்பது. பெட்ரோலில் டர்போ என்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி எரிபொருள் என்று வைத்துக்கொள்ளலாம். 400 குதிரைத்திறனுக்கு 2520 சிசி; நான்காகப் பிரித்தால் 630; இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 740. தொழிற்சாலை இன்ஜெக்டர் 560 சிசி. எத்தனால் கூடின எரிபொருளுக்கு இந்த எண்கள் இன்னும் ஏறும். 85 சதவீதம்வரை எத்தனால் கலந்த இ85-க்கு மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

ஐடிலில் ஒரு வினோதம் நடக்கும். ஓவர்லேப்பில் புகை திரும்பி வந்து கலவை சில சுற்றுகளில் சரியாக எரியாமல், மீந்த ஆக்ஸிஜன் எக்ஸாஸ்டுக்குப் போவதால் ஆக்ஸிஜன் சென்சார் கலவை மெலிந்திருப்பதாக நினைக்கிறது, கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது, பிளக் கறுக்கிறது, ஐடில் இன்னும் மோசமாகிறது. ஐடிலை 1000 ஆர்பிஎம் அருகே உயர்த்தி, அந்தப் பகுதியில் சென்சார் திருத்தத்தைக் கட்டுப்படுத்துவதுதான் வழி. இக்னிஷனைப் பொறுத்தவரை, டார்க் உச்சமாகும் இடத்தில் சிலிண்டர் நன்றாக நிரம்புவதால் அட்வான்ஸைக் குறைத்தே தொடங்குங்கள். மேல் ஆர்பிஎம்மில் நாக் சென்சாரைப் பார்த்தபடி ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.6–0.65 மி.மீ. அதைவிட அகலமானால் பூஸ்டில் தீப்பொறி அணையும்.

கீழ்ப்பாகத்தைப் பற்றி ஒன்றிரண்டு. எவோவின் ராடு உறுதியானது. முதலில் உடைவது நாக்கிங்கால் பிஸ்டனின் ரிங் மேடு, அதாவது ரிங்குகளுக்கு இடையே உள்ள பட்டை. ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு மாறினால் டாப் ரிங் இடைவெளி சுமார் 0.47 மி.மீ., இரண்டாம் ரிங்குக்குச் சற்று அதிகம். இடைவெளி குறைவானால் சூட்டில் ரிங் முனைகள் முட்டி அதே மேட்டைப் பிய்த்துவிடும். 2618 என்ற அலுமினிய அலாயில் செய்த பிஸ்டன் அதிகம் விரிவடையும் என்பதால் சுவரோடு அதிக இடைவெளி கேட்கும். குளிர்ந்த என்ஜினில் அதன் தட்டல் சத்தம் இயல்பு.

வேலை தொடங்கும் முன் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்து எழுதி வையுங்கள். ஒன்றுக்கொன்று 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேம் பெட்டியைத் திறக்க வேண்டாம், அந்தச் சிலிண்டரைத் திறங்கள். கோர்த்து முடித்து 500 கி.மீ. ஓடியதும் எண்ணெயை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள், டென்ஷனர் தண்டையும் மறுபடி அளங்கள். மடிப்பில் வெள்ளி மினுக்கு கொஞ்சம் இருப்பது வழக்கம். காந்தத்தில் ஒட்டும் செதில் இருந்தால் ராக்கர் உருளைகளை ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.